முன்கணக்கு இல்லாத ஊர்

ஈயம் அலசிய தட்டின் அடியில் கடைசியில் கறுப்பாக ஒரு மணல் தங்கும். மலேசியாவின் பேரா மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் அதற்கு அமாங் என்று பெயர். லகாட், மெங்கிளம்பு, பூசிங் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் அள்ளினால் சாதாரண மணலை விடக் கனக்கும். காந்தத்தைக் கொண்டுபோனால் இல்மனைட் துகள்கள் தாவி ஒட்டும்; சிர்க்கான் அசையாமல் கிடக்கும். இடையில் தேன் நிறத்தில், குண்டூசித் தலை அளவுகூட இல்லாத சில மணிகள் மினுங்கும். அவை மோனசைட். இந்தக் கட்டுரை அந்தத் தேன் நிற மணிகளைப் பற்றியது.

மோனசைட் ஒரு பாஸ்பேட் கனிமம். சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள் அதற்குள் இருக்கின்றன. கூடவே தோரியமும் இருக்கிறது. தோட்டத்து லயங்களில் வளர்ந்த என் தலைமுறை தோரியத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறது, பெயர்தான் தெரியாது. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் காற்றடித்து ஏற்றுவார்களே அந்தக் கேஸ் விளக்கு, அதன் நடுவில் வெள்ளை வலைப்பை ஒன்று தொங்கும். அதை மேண்டில் என்போம். முதல் தடவை கொளுத்தியதும் நூல் எரிந்துபோய் சாம்பல் கூடு மட்டும் நிற்கும். விரல் பட்டால் பொடியாகிவிடும் என்று எங்களைக் கிட்டே விட மாட்டார்கள். அந்தச் சாம்பல் கூட்டில் 100க்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடு, மிச்சம் சீரியம் ஆக்சைடு. 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்துக் கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சிக்குத் தேடி வந்ததும் இந்த மேண்டில் தொழிலுக்காகத்தான். நம் முன்னோர் புறப்பட்டு வந்த கடற்கரையிலும் வந்து இறங்கிய பள்ளத்தாக்கிலும் ஒரே கனிமம் கிடக்கிறது.

மின்சாரம் வந்து மேண்டில் மறைந்தது. தோரியத்தைக் கேட்பார் குறைந்தனர். அருமண் தனிமங்களைக் கேட்பார் கூடினர். 1979ல் ஏசியன் ரேர் எர்த் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. லகாட்டை ஒட்டிய புக்கிட் மேராவில் 1982ல் அதன் ஆலை ஓடத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலுக்கு 35 விழுக்காடு, உள்ளூர் பே மினரல்ஸுக்கு 35, ஹஜ் பயணிகளின் சேமிப்பு நிதியான தாபோங் ஹாஜிக்கு 20, எஞ்சியது பூமிபுத்ரா வணிகர் சிலருக்கு. அமாங்கிலிருந்து பிரித்த மோனசைட்டை உடைத்து அருமண் சேர்மங்களை எடுப்பது அதன் வேலை. ஆலையைச் சுற்றியிருந்த சமூகம் ஏறக்குறைய 11,000 பேர்.

உடைப்பது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மணலாகக் கிடக்கும்போது மோனசைட் மிக உறுதியான பெட்டி. மழையும் ஆறும் பல கோடி ஆண்டு உருட்டியும் அது தோரியத்தை வெளியே விட்டதில்லை. ஆலையில் அதை மாவாக அரைத்து, காரத்திலோ அமிலத்திலோ வேகவைத்துப் பெட்டியைத் திறக்கிறார்கள். அருமண் கரைசலாகப் போகிறது. தோரியம் ஈரச் சேறாக, தோரியம் ஹைட்ராக்சைடாக, தனியே நிற்கிறது. அதோடு அதன் வாரிசுகளும் நிற்கின்றன.

வாரிசுகள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தோரியம் 232 பாதியாகக் கரைய சுமார் 1,400 கோடி ஆண்டு ஆகும். பூமிக்கு வயது 454 கோடிதான். இவ்வளவு மெதுவாகச் சிதையும் பொருளால் என்ன கெடுதல் என்று அந்நாளில் பொறியாளர் சிலர் கேட்டதுண்டு. தோரியம் தனியாக இருந்தால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கும். அது ரேடியம் 228ஐப் பெறுகிறது. அதன் அரை ஆயுள் ஆறு ஆண்டுக்கும் குறைவு. அந்த வழியில் தோரான் என்ற வாயு வருகிறது. அது 56 வினாடியில் பாதியாகிவிடும், ஆனால் அந்த நேரத்துக்குள் மூக்கில் ஏறிவிடலாம். அதன் பின் வரும் தாலியம் 208 மிக வலுவான காமாக் கதிரை வீசுகிறது. கடைசியில் எல்லாம் காரீயமாக அடங்குகிறது. ரேடியத்துக்கு இன்னொரு குணம் உண்டு. உடம்பு அதைக் கால்சியம் என்றே நினைத்து எலும்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரத்த அணுக்கள் பிறக்கும் மஜ்ஜை அந்த எலும்புக்குள்தான் இருக்கிறது.

மருத்துவ உலகம் இதை வேறொரு வழியில் முன்பே கற்றிருந்தது. 1930களிலிருந்து 1950கள் வரை, எக்ஸ்ரேயில் இரத்தக் குழாய் தெளிவாகத் தெரிய, தோரியம் ஆக்சைடு கலந்த தோரோட்ராஸ்ட் என்ற மருந்தை நோயாளிகளுக்கு ஊசியாக ஏற்றினார்கள். ஏற்றியது வெளியேறவில்லை; ஈரலிலும் மஜ்ஜையிலும் தங்கிவிட்டது. ஜெர்மனி, டென்மார்க், போர்ச்சுகல், ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் அந்த நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தபோது ஈரல் புற்றும் இரத்தப் புற்றும் வழக்கத்தை விடப் பல மடங்கு வந்தது தெரிந்தது. நேரடியாக உடம்பில் ஏற்றியதையும் ஆலைப் புழுதியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அளவு வேறு, வழி வேறு. ஆனால் தோரியம் உடம்புக்குள் போனால் மஜ்ஜையை விட்டுவைக்காது என்பது புக்கிட் மேரா ஆலைக்கு முன்பே நூலகத்தில் இருந்த செய்தி.

அப்படியானால் அந்தச் சேற்றை ஏன் அவ்வளவு அலட்சியமாக வைத்தார்கள்? ஒருநாள் அணு உலைக்கு எரிபொருளாகும், விலைபோகும் என்ற நம்பிக்கையில் தோரியத்தைச் சொத்தாகப் பார்த்த காலம் அது. சொத்தாக எழுதிய பொருளுக்குக் குப்பைச் செலவு எழுத மாட்டார்கள். இன்னொரு காரணம் நிதித் துறையின் ஒரு சாதாரண வாய்ப்பாடு. பின்னால் வரும் செலவை இன்றைய மதிப்புக்குக் குறைத்துப் போடுவது எல்லா நிறுவனமும் செய்வது. பத்து விழுக்காடு கழிவில் போட்டால், 20 ஆண்டு கழித்துச் செலவாகப்போகும் 10 கோடி டாலர் இன்று ஒன்றரைக் கோடியாகத் தெரியும். 30 ஆண்டு என்றால் 57 லட்சம். 100 ஆண்டு என்றால் ஏறக்குறைய 7,300 டாலர், ஒரு சின்னக் காரின் விலை. கணக்கில் பிழை ஏதும் இல்லை. முதலீட்டைத் தேர்ந்தெடுக்க நல்ல கருவி. ஆனால் 1,400 கோடி ஆண்டுப் பொருளை அதில் போட்டால் விடை எப்போதும் பூஜ்யம்தான். 10 கோடி என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை, பிறகு சொல்கிறேன்.

முதலில் எழுந்தது பக்கத்து ஊரான பாபான். ஆலைக் கழிவுக்காக அங்கே குழிகள் வெட்டப்படுவது 1984ல் வெளியே தெரிந்ததும் மக்கள் மறித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் புக்கிட் மேரா மக்கள் அழைத்து ஜப்பானிலிருந்து சடாவோ இச்சிகாவா வந்தார். சைதாமா பல்கலைக்கழகத்தின் மரபியல் பேராசிரியர். இவர் யார் என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். டிரடஸ்காந்தியா என்ற பூச்செடியை வைத்துக் கதிர்வீச்சை அளக்கும் முறையில் உலகப் பெயர் பெற்றவர். அந்தப் பூவின் மகரந்தத் தாளில் மயிர் போல நீல இழைகள் இருக்கும். ஒவ்வோர் இழையும் ஒற்றை உயிரணுக்களை மணி மணியாகக் கோத்த சரம். நீலத்துக்கு ஒரு மரபணு, ரோஜா நிறத்துக்கு ஒன்று என்று இரண்டையும் சுமக்கும் செடியாகத் தேர்ந்தெடுப்பார்கள். கதிர் பட்டு நீல மரபணு கெட்டால் அந்த மணி மட்டும் ரோஜாவாகும். அதிலிருந்து பிறக்கும் மணிகளும் ரோஜா. நுண்நோக்கியில் வைத்து நீலச் சரத்தில் ரோஜா மணிகளை எண்ணினால் போதும். ஜப்பானின் ஹமவோக்கா அணுமின் நிலையத்தைச் சுற்றி அவர் இந்தச் செடிகளை வைத்து எண்ணியவர்.

புக்கிட் மேராவில் அவர் கையில் இருந்தது அளவுமானி. ஆலையை ஒட்டிய வெட்டவெளியிலும் குட்டையிலும் அளந்தார். உச்ச அளவு, அனுமதிக்கப்பட்டதைப் போல் 800 மடங்கு என்று சொன்னார். ஊர் முழுக்க அவ்வளவு என்று அதற்குப் பொருளில்லை. கழிவு கொட்டிய ஓர் இடத்தின் உச்சம் அது. ஆனால் வேலி போடாத இடம். பிள்ளைகள் நடமாடும் இடம். அனுமதிக்கப்பட்ட அளவு என்பதும் அந்த ஆண்டுகளில் நிலையாக நிற்கவில்லை. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு ஐந்து மில்லிசீவர்ட் என்று இருந்த வரம்பை, 1985ல் பாரிஸில் கூடிய உலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் ஒன்றாகக் குறைத்தது. மலேசியாவின் அணுசக்தி உரிமச் சட்டமே 1984ல்தான் இயற்றப்பட்டது. ஆலை அதற்கு இரண்டு ஆண்டு மூத்தது.

1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா மக்கள் எட்டுப் பேர் ஈப்போ உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். அக்டோபரில் இடைக்காலத் தடை கிடைத்தது. 1987ல் உரிமம் வந்து ஆலை மறுபடி ஓடியது. அந்த ஏப்ரலில் பத்தாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். செப்டம்பரில் விசாரணை தொடங்கியது. அடுத்த மாதமே ஓப்பராசி லாலாங் என்ற பெயரில் அரசு பலரைக் கைதுசெய்தது; கிராம மக்களுக்காக வழக்காடிய மீனாட்சி ராமனும் பிடிபட்டவர்களில் ஒருவர். 1990 பிப்ரவரி வரை இழுத்த அந்த விசாரணை மொத்தம் 65 நாள் நடந்தது. சட்ட ஏடுகளில் இந்த வழக்கின் பெயரைப் பார்த்தால், முதல் மனுதாரரின் பெயருக்குப் பக்கத்தில் காலஞ்சென்றவர் என்ற சொல் அச்சாகியிருக்கும்.

விவாதத்தின் நடுவில் இருந்தது இரத்தப் புற்றுநோய். ஊர்ப் பிள்ளைகளைப் பரிசோதித்து எழுதியவர்களில் டாக்டர் டி. ஜெயபாலன் முக்கியமானவர். கனடாவிலிருந்து ரோசலி பெர்டல் வந்தார். கன்னியாஸ்திரி, உயிரியல் புள்ளியியலில் முனைவர். இந்தச் சமூகத்தில் ஐந்து ஆண்டில் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்று என்ற கணக்கு வெளியே வந்தது. அதற்கு முன் பல ஆண்டு ஒன்றும் இல்லை என்றார்கள் மக்கள். எட்டுப் பேரில் ஏழு பேர் பிறகு இறந்துபோனார்கள்.

எட்டு என்பது கூடுதலா? வாசகரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான். ஆண்டுக்கு லட்சம் பேரில் நாலு பேருக்கு இரத்தப் புற்று வரும் என்று வைத்துக்கொள்வோம். 11,000 பேர், ஐந்து ஆண்டு: இரண்டு பேருக்குச் சற்றுக் கூட வரலாம். வந்தது எட்டு. அரிதாக, ஒன்றுக்கொன்று தொடர்பின்றி நடக்கும் நிகழ்வுகளுக்கு புவாசோன் என்ற பிரெஞ்சுக் கணித மேதையின் சூத்திரம் இருக்கிறது. அதில் போட்டால், தற்செயலாக எட்டோ அதற்கு மேலோ வர 500ல் ஒரு வாய்ப்பு. இதைக் கேட்டதும் முடிந்தது வழக்கு என்று தோன்றும். ஆலைத் தரப்பு வல்லுநர் கேட்கக்கூடிய கேள்வி இது: நாட்டில் இந்த அளவுள்ள ஊர் ஆயிரம் இருந்தால், எந்த ஆலையும் இல்லாமலே இரண்டு ஊரில் இப்படிக் குவியும், அவற்றில் ஒன்று இது இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? கேள்வி நியாயமானது. பதிலும் உண்டு. ஊர்களைத் தேடிப்போய்க் குவியலைப் பொறுக்கி எடுத்தால் அந்த ஆட்சேபம் முழுதாகப் பொருந்தும். இங்கே ஆலையைப் பற்றிய அச்சம் முதலில் வந்தது, எண்ணிக்கை பின்னால் வந்தது. அதனால் தற்செயல் என்ற வாதம் பலவீனமாகிறது, ஆனால் செத்துப்போகவில்லை. சிறிய ஊரின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு இதற்கு மேல் எந்தப் புள்ளியியலாளராலும் போக முடியாது.

மேலே போக என்ன வேண்டும்? ஆலைக்கு முந்தைய பத்து ஆண்டுக் கணக்கு. எத்தனை பிறப்பு, எத்தனை கருச்சிதைவு, எந்த வீட்டில் என்ன நோய், எந்த முற்றத்தில் என்ன கதிரளவு. அது யாரிடமும் இல்லை. மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவகத்தின் முதல் அறிக்கை 2002ம் ஆண்டுக்குரியது. ஆலை அதற்கு எட்டு ஆண்டு முன்பே மூடிவிட்டது.

1992 ஜூலை 11 அன்று நீதிபதி பே சுவீ சின் கிராம மக்கள் பக்கம் தீர்ப்பளித்து, 14 நாளில் ஆலையை மூடச் சொன்னார். மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டு, 1993 டிசம்பர் 23 அன்று உச்சநீதிமன்றம் அதை ரத்துசெய்தது. ஆலைத் தரப்பு நிபுணர்களின் சோதனைகளே நம்பத்தக்கவை, மக்கள் முதலில் உரிம வாரியத்திடம்தான் முறையிட்டிருக்க வேண்டும் என்பன அதன் காரணங்கள். முதல் காரணத்தில்தான் என் மனம் தங்குகிறது. ஆலைக்குள் நுழைந்து, நாள் கணக்கில் கருவி வைத்து அளக்க யாரால் முடியும்? பணமும் சாவியும் உள்ளவரால். வெளியிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அளந்தவர். அளவு குறைந்த பக்கம் சாட்சியமும் குறைந்துபோனது.

வென்ற ஆலை ஒரு மாதத்துக்குள், 1994 ஜனவரியில், மூடுவதாக அறிவித்தது. மிட்சுபிஷி கெமிக்கல் நோய்களுக்குப் பொறுப்பேற்கவில்லை; நீதிமன்றத்துக்கு வெளியே செய்துகொண்ட உடன்பாட்டில் ஊர்ப் பள்ளிகளுக்கு ஏறக்குறைய 164,000 டாலர் கொடுத்தது. சுத்தம் செய்ய ஆன செலவு 10 கோடி டாலர். நான் மேலே சொன்ன எண் இதுதான்.

அந்தச் சுத்தம் தனிப் பொறியியல் பாடம். ஆலையைப் பிரித்து, அடியில் இருந்த மண்ணையும் பாறை தட்டும் வரை, சில இடங்களில் 25 அடி ஆழம், தோண்டி எடுத்தார்கள். 11,000 லாரி நடை. கிளேடாங் மலைத்தொடரில் ஒரு குன்றின் உச்சியைச் சீவி, வயிற்றைக் குடைந்து, கழிவை உள்ளே வைத்து, மேலே 20 அடிக்கு மேல் களிமண்ணும் கருங்கல்லும் போட்டு மூடினார்கள். 80,000க்கும் மேற்பட்ட இரும்புப் பீப்பாய்களில் இருந்த தோரியச் சேற்றைச் சிமெண்டோடும் ஜிப்சத்தோடும் கலந்து இறுக்கி வைக்கத் திட்டமிட்டார்கள். 2011ல்கூட அந்த வேலை ஓடிக்கொண்டிருந்தது. களிமண் எதற்கு என்றால், இங்கே எதிரி மழை. நீர் உள்ளே இறங்காவிட்டால் ரேடியம் வெளியே நடக்காது. தோரானுக்கு 56 வினாடிதான் என்பதால் அந்தக் களிமண்ணைத் தாண்டுவதற்குள் அது சிதைந்துவிடும். நன்றாகச் செய்த வேலை என்றே சொல்வேன். இதை 1982ல் செய்திருந்தால் குன்றின் வயிறு இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது.

முன்கணக்கு வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளத்தின் கருநாகப்பள்ளி இருக்கிறது. கொல்லம் கடற்கரையில் மோனசைட் மணல் மேலேயே மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990ல் அங்கே ஒரு பதிவகம் தொடங்கியது. வீடுவீடாகப் போய் உள்ளேயும் வெளியேயும் கதிரை அளந்தார்கள். யார் என்ன தொழில், பீடி உண்டா, எங்கே தூங்குகிறார் என்றெல்லாம் எழுதினார்கள். 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு பின்தொடர்ந்ததில் 1,379 பேருக்குப் புற்றுநோய், அவர்களில் 30 பேருக்கு இரத்தப் புற்று. கதிரளவு கூடிய வீடுகளில் நோய் கூடவில்லை என்று 2009ல் வெளியிட்டார்கள். இந்த முடிவைக் காட்டிப் புக்கிட் மேராவில் ஒன்றுமில்லை என்று வாதிடுவோர் உண்டு. நான் ஏற்கவில்லை. கருநாகப்பள்ளியில் மோனசைட் மூடிய பெட்டியாகக் கிடக்கிறது. புக்கிட் மேராவில் பெட்டியை உடைத்துச் சேறாக்கினார்கள். ஆனால் அந்த மக்களுக்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது, அது அவர்கள் வீட்டிலிருந்தே எடுத்த அளவில் நிற்கிறது. புக்கிட் மேராவின் எட்டுக் குடும்பங்களுக்கு எந்தப் பக்கமும் அப்படி ஒரு பதில் இல்லை.

பேராவில் அருமண் மறுபடி வந்துவிட்டது. இம்முறை வடக்கே, உலு பேராவின் கெனெரிங்கில், சோதனைத் திட்டமாக. களிமண்ணில் ஒட்டியிருக்கும் அருமண் அயனிகளை, அம்மோனியம் சல்பேட் கரைசலை நிலத்துக்குள் இறக்கிக் கழுவி எடுக்கும் முறை. இந்தக் களிமண்ணில் தோரியம் மிகக் குறைவு என்பது உண்மை. அதைச் சொல்லித்தான் அனுமதியும் கேட்கிறார்கள். இங்கே பார்க்க வேண்டியது ஓடைநீர். அம்மோனியா எவ்வளவு, அமிலத்தன்மை எவ்வளவு, கரைந்த உலோகம் எவ்வளவு, மழைக்கு முன் என்ன, மழைக்குப் பின் என்ன.

அடுத்த உரிமம் எந்த மலைக்குக் கொடுத்தாலும், முதல் துளை போடுவதற்கு இரண்டு ஆண்டு முன்பே கீழே உள்ள ஒவ்வோர் ஓடையிலும் மாதம் ஒரு போத்தல் நீர் எடுத்து முத்திரையிட்டு வைக்கலாம். சுற்றுவட்டாரப் பிள்ளைகளின் இரத்தத்தில் ஒரு சொட்டு, பிறப்பும் கருச்சிதைவும் எழுதிய ஒரு பேரேடு, அதன் நகல் ஒன்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில். எடுக்கும் ஆள் பல்கலைக்கழகத்தவராக இருக்கட்டும். அவருடைய சம்பளம் சுரங்கத்திலிருந்து வரக் கூடாது. ஓர் ஆய்வுக்கூட அலமாரியும் சில ஆயிரம் போத்தல்களும் போதும் இதற்கு. கிளேடாங் குன்றில் போட்ட களிமண்ணின் விலைகூட ஆகாது.